என் சாவி திறந்த பூட்டு

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)

பட்டம் வாங்கக் கல்லூரிக்கு வந்தவன் நான். அது கைக்கு வர இன்னும் ஒரு பருவத் தேர்வு பாக்கி இருக்கிறது. அதற்குள், விண்ணப்பம் போடாமலும் கட்டணம் கட்டாமலும், வேறொரு பட்டம் எனக்குக் கிடைத்துவிட்டது: ‘சைக்கிள் திருடன்’. அதை மூன்று நாள் சுமந்தேன். இதைப் படிக்கும் நண்பர்களில் சிலர் அந்த மூன்று நாளும் என்னைக் கண்டு வாய்க்குள் சிரித்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. (கொஞ்சம் உண்டு.) நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்றுதான் மலர்க் குழுவினரிடம் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் என் வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது என் வண்டியே அன்று. பதினோராம் வகுப்பில் அரசு எனக்கு அளித்த மிதிவண்டியில் அப்பா இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டி ஓட்டுகிறார். நான் ஓட்டுவது, அரசு என் அக்காவுக்கு அளித்த வண்டி. குறுக்குக் கம்பி கிடையாது. முன்னால் கூடை உண்டு. அக்கா செவிலியர் படிப்புக்காகச் சென்னை போனாள். வண்டி என்னிடம் வந்தது. முதலாண்டில் இதற்காக நான் பட்ட கேலியைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தில் போய்ப் பாருங்கள். பாதிக்குமேல் இப்படி அரசு கொடுத்த வண்டிகள்தாம். ஏறத்தாழ ஒரே உருவம். பின்சக்கரத்தை வளைத்துப் பிடிக்கும் அந்தப் பூட்டும் ஏறத்தாழ ஒரே உருவம். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தாய்க்குத்தான் அடையாளம் தெரியும்.

சென்ற அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. முதல் சுழற்சி முடிந்து மணி அடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. செய்முறைப் பதிவேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். வேப்பமரத்தடியில் இடப்பக்கம் மூன்றாவது வண்டி. வழக்கமாக அங்கேதான் நிறுத்துவேன். சாவியைப் போட்டேன். லேசாக மக்கர் செய்தது. ஒரு தட்டுத் தட்டியதும் திறந்துகொண்டது. மழை நாளில் சைக்கிள் பூட்டு மக்கர் செய்வது புதிதா என்ன? ஏறி மிதித்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியபோது அம்மா கேட்டார்: “ஏண்டா, பொட்டு எங்கே?”

நெற்றியைத் தடவிக்கொண்டு விழித்தேன்.

“உன் நெத்தியில இல்லடா, வண்டியில.”

அக்கா ஓட்டிய காலத்தில் கைப்பிடிக்கு நடுவே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். அது உதிரும்போதெல்லாம் அம்மா புதிதாக ஒன்று ஒட்டிவிடுவார். இந்த வண்டியில் பொட்டு இல்லை. மணியும் வேறு. கூடைக்குள் நனைந்த மஞ்சள் பை ஒன்று. அதற்குள் கழுவிய எவர்சில்வர் டப்பா. யாரோ ஒரு பெண் மதியச் சாப்பாடு கொண்டுவந்த டப்பா! மழையிலும் எனக்கு வியர்த்துவிட்டது. வந்த ஒன்பது கிலோமீட்டரையும் திரும்ப மிதித்தேன். நான்கு மணிக்குக் கல்லூரி வாசலில் காவலர் தாத்தா நின்றுகொண்டிருந்தார்.

“வா தம்பி. ஒன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பொட்டு வச்ச வண்டி இங்க தனியா நிக்குது. அப்பவே நெனச்சேன்.”

“அந்தப் பொண்ணு எங்க தாத்தா?”

“மூணு மணி வரைக்கும் தேடிச்சு. அழுதுக்கிட்டே நடந்து போயிருச்சு. நான் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். இருந்திருந்தா விட்டிருப்பனா?”

அவள் வரலாற்றுத் துறையில் முதலாண்டு மாணவி. ஊர் வடக்கே ஏழு கிலோமீட்டரில். பெண்களுக்குக் கட்டணம் இல்லாப் பேருந்து உண்டே என்பீர்கள். உண்டுதான், அது வரவேண்டுமே! அவள் ஊருக்கு மதியத்தில் பேருந்து கிடையாது. மாலை நாலரைக்கு ஒன்று. அதற்குக் காத்திருக்கப் பயந்து, மழையில் நடந்தே போயிருக்கிறாள்.

வண்டியைத் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். மறுநாள் அவள் வரவில்லை. ஆனால் செய்தி வந்துவிட்டிருந்தது. நான் அந்த வண்டியில் போனதை இருவர் பார்த்திருக்கிறார்கள். ‘திருடியவன் பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டான்’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். திருப்பிக் கொடுத்ததே குற்றத்துக்குச் சாட்சி ஆயிற்று! தவறுதலாக எடுத்தேன் என்றேன். “சரி, பூட்டை எதால் திறந்தாய்?” என்றான் பக்கத்து இருக்கை நண்பன். “என் சாவியால்.” “உன் சாவி அவள் பூட்டை எப்படித் திறக்கும்?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

சட்டம் படிக்கும் என் மாமா மகனிடம் தொலைபேசியில் புலம்பினேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு பாடம் நடத்தினான். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு உரிய 378ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 303ஆம் பிரிவாக வந்திருக்கிறது. நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் திருட்டு. தன் பொருள் என்று நல்லெண்ணத்தோடு நம்பி எடுப்பது திருட்டாகாது என்று சட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறதாம். அப்பாடா என்றிருந்தது. அவன் அதோடு விடவில்லை. “ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதல் முறையாகத் தண்டனை பெறுபவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைத் திருட்டில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் தாமாக விசாரிக்கவும் முடியாது.” பழைய சைக்கிள் ஐயாயிரம் பெறுமா? சட்டத்தின் தராசில் அது சின்னத் திருட்டு. ஏழு கிலோமீட்டர் நடக்கிறவளின் தராசு வேறு.

சனிக்கிழமையும் அவள் வரவில்லை. வரலாற்றுத் துறைப் பேராசிரியை அவள் தந்தையைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். வண்டி கிடைத்துவிட்டது என்றதற்கு, “இருக்கட்டும்மா. வண்டியோட போச்சு. நாளைக்கு வேற ஏதாச்சும்னா? பொண்ணு வீட்டோட இருக்கட்டும்” என்றாராம். அதைக் கேட்டபின் என் பட்டம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் வாங்க வேண்டிய பட்டத்தை என் சாவி பறித்துவிட்டதே என்றுதான் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை நானும் காவலர் தாத்தாவும் கிளம்பினோம். அவர் பொட்டு வைத்த வண்டியில். நான் அவள் வண்டியில். வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

அவள் தந்தை வாசலில் சோளத்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தாத்தாவை உட்காரச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “சாவி எங்க வாங்கின?” என்றார்.

என் சாவியைக் காட்டினேன். “இது என் வண்டிச் சாவிங்க. இதுதான் திறந்துச்சு.”

“கத சொல்லாத தம்பி.”

குனிந்து அவள் வண்டியைப் பூட்டினேன். எழுந்து, சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதை உள்ளே விட்டுத் திருப்பினார். முதலில் திறக்கவில்லை. என் வயிறு கலங்கியது. “லேசா ஒரு தட்டுத் தட்டணுங்க” என்றேன். தட்டினார். டக்கென்று வளையம் பின்வாங்கியது.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்து, “உன் சாவியக் கொண்டா” என்றார். அவள் கொண்டுவந்தாள். அதை எடுத்துப்போய் என் அக்கா வண்டியில் போட்டார். அதுவும் திறந்தது! திரும்பப் பூட்டினார், திரும்பத் திறந்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல இடம் மாறிப் பூட்டின்மேல் போய் உட்கார்ந்ததைக் கண்ணால் கண்டேன்.

“அப்ப இந்தப் பூட்டு எதுக்கு?” என்றார்.

கதவோரம் நின்ற அவள் அப்போதுதான் முதன்முறையாகப் பேசினாள். “அதுவும் எங்க அக்கா ஓட்டின வண்டிங்கண்ணா. பூட்டு ரொம்பப் பழசு.”

மோர் வந்தது. எனக்கும் ஒரு தம்ளர். திங்கட்கிழமை அவள் கல்லூரிக்கு வந்தாள்.

ஆனால் ‘இந்தப் பூட்டு எதுக்கு’ என்ற கேள்வி என்னை விடவில்லை. புள்ளியியல் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையில் இருந்த தேர்வுத் தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் கரும்பலகைக்கு எழுந்து போனார். அந்த அளவுக்குக் கதை அவருக்குப் பிடித்துவிட்டது. “கணக்குக்காக, பூட்டுக்குள் 4 தகடு, ஒவ்வொன்றும் 3 உயரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள். மொத்தம் எத்தனை வகைச் சாவி?” மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81. “அப்படியானால் 82ஆவது வண்டி வரும்போது யாரோ இருவரிடம் ஒரே சாவி இருப்பது நிச்சயம். அவ்வளவு தூரம் போகவேண்டாம். 11 வண்டி நின்றாலே அப்படி ஓர் இணை இருப்பதற்குப் பாதிக்குச் சற்று மேலேயே வாய்ப்பு இருக்கிறது.” பிறந்தநாள் கணக்கு என்று புள்ளியியல் மாணவர்கள் படிப்பார்களே, 23 பேர் கூடினால் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்று, அதேதான் இது. 365 நாளுக்கு 23 பேர். 81 சாவிக்கு 11 வண்டி.

கணக்கோடு விட்டிருந்தால் நான் இயற்பியல் மாணவனே அல்லன். முதல்வர் அவர்களின் அனுமதியோடு, காவலர் தாத்தா மேற்பார்வையில், ஒரு சனிக்கிழமை சோதனை வைத்தோம். அந்த வகைப் பூட்டு உள்ள 24 வண்டிகள். உரியவர்கள் எல்லாரும் பக்கத்திலேயே நின்றார்கள். ஒவ்வொரு சாவியையும் மற்ற 23 பூட்டிலும் போட்டுப் பார்ப்பது. 552 முறை! இரண்டரை மணி நேரம் ஆயிற்று; விரல் காய்த்துவிட்டது. தன் பூட்டைத் தவிர இன்னொன்றையும் திறந்த சாவிகள் 7 இருந்தன. என் சாவி இன்னும் இரண்டு வண்டிகளைத் திறந்தது. (சிரிக்காதீர்கள்.) வேடிக்கை என்னவென்றால், ஒருவன் சாவி மற்றவன் பூட்டைத் திறக்கிறது, மற்றவன் சாவி இவன் பூட்டைத் திறக்கவில்லை. தேய்ந்த பூட்டு யார் வந்தாலும் வழிவிடுகிறது; தேயாத பூட்டு மறுக்கிறது. பேராசிரியரின் கணக்கில் தேய்மானம் இல்லை.

எண் பூட்டுச் சங்கிலி வைத்திருந்த வேதியியல் நண்பன் ஒருவன் மட்டும் கைகட்டி நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். மூன்று வளையம், 000 முதல் 999 வரை, ஆயிரம் எண். ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றால் எல்லாவற்றையும் பார்க்க 33 நிமிடம் போதும். தாத்தாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. அவன் அவசரத்தில் கடைசி வளையத்தை மட்டும் ஒரு பல் நகர்த்திவிட்டு வருபவன் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பல் திருப்பினார். சங்கிலி அவர் கையில்!

பூட்டைச் சோதித்துப் பார்ப்பது நான் கண்டுபிடித்த பைத்தியம் அன்று என்பது பிறகு நூலகத்தில் தெரிந்தது. இலண்டன் பிக்காடிலியில் பிராமா என்பவரின் கடைச் சன்னலில் ஒரு பூட்டு பல்லாண்டுகளாகச் சவாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திறப்பவருக்கு 200 கினி பரிசு. 1851இல், மாபெரும் பொருட்காட்சி நடந்த ஆண்டில், ஆப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து அதைத் திறந்தார். 16 நாளில் 51 மணி நேரம் அதன்முன் உட்கார்ந்திருந்தார்! சைக்கிளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1972இல், கிரிப்டோனைட் என்ற நிறுவனத்தின் பூட்டைப் போட்டு நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் தெருவில் ஒரு சைக்கிளை 30 நாள் விட்டுவைத்தார்கள். கழற்ற முடிந்ததையெல்லாம் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். பூட்டிய சட்டம் மட்டும் நின்றது. அதன்பின் உலகமெங்கும் அதன் புகழ் பரவியது. 2004இல் என்ன ஆயிற்று? அதே நிறுவனத்தின் குழல் வடிவச் சாவி கொண்ட பூட்டுகளை, மையூற்றும் பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழாயைச் செருகித் திருப்பியே திறக்கலாம் என்று தெரிந்துபோயிற்று. நிறுவனம் பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றை மாற்றிக் கொடுத்தது.

பிரிட்டனில் பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் போடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ‘உடையாத பூட்டு’ என்ற பேச்சே இல்லை. தேர்ந்த ஆள் இன்னின்ன கருவிகளோடு வந்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் பார்வை. ஆப்ஸுக்கு 51 மணி நேரம். எனக்கு ஒரு தட்டு. பூட்டு விற்பது நேரத்தை. அந்த நேரத்துக்குள் யாராவது பார்க்கவேண்டும். அல்லது யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திருடன் பயப்படவேண்டும். யாரும் பார்க்காத இடத்தில் தங்கம் வாங்கிய பூட்டுக்கும் நெடுநேரம் வேலை இல்லை.

தீபாவளிக்குத் திண்டுக்கல்லில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது இதே நினைவாகவே இருந்தேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்றதல்லவா அந்த ஊர்ப் பூட்டு! சித்தப்பா ஒரு பட்டறைக்கு அழைத்துப்போனார். மாங்காய்ப் பூட்டுக்குள் போகும் தகடுகளைப் பெரியவர் ஒருவர் அரம் போட்டு, சாவியோடு ஒத்துப்பார்த்து, மறுபடி அரம் போட்டுக்கொண்டிருந்தார். என் சைக்கிள் சாவியைக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இது சாவியா? தேஞ்ச கரண்டிக் காம்பு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அலிகாரிலிருந்து வரும் எந்திரப் பூட்டுகளின் விலையோடு போட்டிபோட முடியாமல் பட்டறைகள் குறைந்துவருவதை நெடுநேரம் சொன்னார். ஒரு பூட்டுக்கு அத்தனை அரம் போடுகிறவரிடம், நாம் சைக்கிள் பூட்டுக்குக் கொடுக்கும் விலையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஊர் திரும்பியபின் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. பின்சக்கரப் பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பின்புறத்தைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்விடலாம். வண்டி எதனோடும் கட்டப்படவில்லையே! நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், உடைந்த பெஞ்சுகளின் இரும்புக் குழாய்களை எடுத்துக் காரையில் ஊன்றி, வேப்பமரத்தடியிலிருந்து மதில்வரை ஒரு குறுக்குக் குழாய் அமைத்தார்கள். சங்கிலி வைத்திருப்பவர்கள் அதைப் பின்சக்கரத்தினுள்ளும் சட்டத்தினுள்ளும் விட்டுக் குழாயோடு சேர்த்துப் பூட்டலாம். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால், அதைக் கழற்றி விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோவார்கள், கவனம். வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்ணை எல்லாரும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மிதிகட்டை அச்சுக்கு அடியில், சேறு மூடிக்கிடக்கும். என் வண்டி எண்ணை நானே முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

அட்டை வில்லை முறையும் மீண்டும் வந்தது: பாதி வண்டியில், பாதி கையில், முன்பு திரையரங்குகளில் இருந்ததைப் போல. தாத்தாவுக்கு இதில் சற்று மனத்தாங்கல். “எனக்கு எதுக்குத் தம்பி சீட்டு? எந்த வண்டி எந்தப் புள்ளையோடதுன்னு தெரியாதா?” உண்மைதான். ஒருநாள் கண்ணை மூடச்சொல்லி, ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்துக் கேட்டுப்பார்த்தேன். ஐந்தில் நான்கு சரியாகச் சொன்னார். ஆனால் அவருக்கும் பசிக்கிறதே! மதியம் ஒன்றேகாலிலிருந்து இரண்டு வரை, ஒரு சுழற்சி போய் இன்னொரு சுழற்சி வரும் நெரிசலில்தான், அவர் சாப்பிடப் போகவேண்டியிருக்கிறது. அந்த முக்கால் மணிக்கு இன்னொருவரைப் போடுங்கள் என்று மாணவர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இந்த மலர் அச்சாகி வருவதற்குள் வந்திருந்தால் இந்த வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

சென்ற மாதம் ஒருநாள் வேப்பமரத்தடியில் வண்டியை எடுக்கப் போனேன். வரலாற்றுத் துறை மாணவி நின்றிருந்தாள். புதுமைப் பெண் திட்டத்தில் வந்த ஆயிரம் ரூபாயில் ஒரு பகுதியைக் கொடுத்து, தடித்த சங்கிலிப் பூட்டு ஒன்று வாங்கியிருந்தாள். வண்டி குறுக்குக் குழாயோடு பூட்டிக் கிடந்தது.

“அண்ணா, உங்க சாவியக் கொஞ்சம் குடுங்களேன்.”

கொடுத்தேன். பழைய பின்சக்கரப் பூட்டில் போட்டு, ஒரு தட்டுத் தட்டினாள், வழக்கம்போல் திறந்தது. பிறகு புதிய சங்கிலிப் பூட்டின் துளையில் வைத்தாள். உள்ளேயே போகவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள், தலைகீழாக வைத்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள்.

“சரிண்ணா” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் வந்த தோழிகளோடு வகுப்புக்குப் போனாள்.